காய்ந்த கண்மாயில் தொடங்கும் பாடம்

புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து. இந்த ஐந்தையும் வரிசையாக எழுதி நடுவில் அம்புக்குறி போட்டால் உணவுச் சங்கிலிக்கு உரிய மதிப்பெண் கிடைத்துவிடும். அம்பின் முனை தின்கிறவர் பக்கம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாமில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், எந்தக் கட்டைப் பிரித்தாலும் அதே ஐந்து பேர்தான் வருவார்கள். கடற்கரைப் பிள்ளையும் புல்லில்தான் தொடங்கும், மலையடிவாரத்துப் பிள்ளையும் புல்லில்தான் தொடங்கும். வீட்டுக்குப் பின்னால் நத்தை பொறுக்கும் நாரையை அன்றாடம் பார்க்கிற பிள்ளைகூட அதை விடைத்தாளில் எழுதாது. புத்தகத்தில் இல்லாததை எழுதினால் மார்க் போகும் என்ற பயம்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்து அரசு மேல்நிலைப் பள்ளிகளில் உயிரியல் எடுத்தவள். எந்த ஊருக்கு மாற்றல் ஆனாலும் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு கண்மாய் இருக்கும். ஆய்வகத்தில் நுண்ணோக்கி பழுதாகிக் கிடக்கலாம், கண்மாய் பழுதாகிக் கிடப்பதில்லை. ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் பக்கம் பள்ளிக்கூட ஆண்டும் தண்ணீர் ஆண்டும் ஒத்துப்போகாது. ஜூனில் பள்ளி திறக்கும்போது கண்மாய் வெடித்துக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை இறங்கி வரத்துக்கால் ஓடி, தண்ணீர் ஏறி வரும் நேரத்தில் அரையாண்டுத் தேர்வு வந்து நிற்கும். தை, மாசியில் தண்ணீர் தெளிந்து, கருவேல மரங்களில் பறவைகள் கூடு கட்டியிருக்கும். நமக்கோ செய்முறைத் தேர்வும் திருப்புதல் தேர்வும். மார்ச்சோடு பிள்ளைகள் கை நழுவிப் போய்விடுவார்கள்.

"தண்ணி வரட்டும் டீச்சர், அப்புறம் கூட்டிட்டுப் போங்க. இப்பப் போய் பொட்டல்ல என்னத்தக் காட்டப் போறீங்க?" என்று ஆசிரியர் அறையில் கேட்காதவர் இல்லை. தண்ணீர் வரும்வரை காத்திருந்தால் பாடத்தில் பாதி போய்விடும் என்பது என் கட்சி. எங்கள் சீமைக் கண்மாய்க்குக் காய்வது நோயல்ல, அது செய்கிற வேலைகளில் ஒன்று. சூழல்மண்டலத்தை நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

ஆனி மாதம் ஒரு காலை வேளையில் வெயில் ஏறுமுன் பிள்ளைகளை உள்வாய்க்குள் நடக்கவிடுவேன். வெடிப்பு விட்ட மண்ணை மேலாக இரண்டு விரல் கனத்துக்கு மட்டும் பெயர்த்து எடுக்க வேண்டும். மடைக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில் ஒரு பை, நடுவில் ஒரு பை, கரையோரத்தில் ஒரு பை. எங்கே எடுத்தது என்று பையின் மேல் எழுதியாக வேண்டும். எழுதாத பையை வாங்க மாட்டேன். வெடிப்புகளுக்குள் நத்தை கிடக்கும். ஓட்டின் வாயைத் தகடு போட்டு அடைத்துக்கொண்டு, செத்ததுபோலக் கிடக்கும் ஆப்பிள் நத்தை. அதையும் ஒன்றிரண்டு எடுத்துக்கொள்வோம்.

பிறகுதான் சத்துணவுக் கூடத்து அக்காவிடம் போக வேண்டும். ஒவ்வொரு பையிலும் பாதி மண்ணை இரும்புச் சட்டியில் போட்டு நன்றாகச் சூடேற வறுத்துத் தரச் சொல்வேன். அந்த அக்கா முதலில் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மண்ண வறுக்கச் சொல்ற டீச்சர இப்பத்தான் பாக்குறேன்" என்றார். மறு வருடம் அவரே, "எப்ப வறுக்கணும்?" என்று கேட்டுவிட்டார். சட்டி மட்டும் தனி. சமையல் சட்டியைத் தர மாட்டார், அது நியாயம்.

வெள்ளை பெயின்ட் வாளிகளில் ஒரு வரிசை பச்சை மண், ஒரு வரிசை வறுத்த மண். எல்லாவற்றிலும் ஒரே அளவு மழைத்தண்ணீர். மழைத்தண்ணீர் இல்லையென்றால் குடிநீர்க் குழாய்த் தண்ணீரைக் குளோரின் போக ஒரு நாள் வெயிலில் வைத்து ஊற்றலாம். எங்கள் ஊர் போர் தண்ணீர் உவர். அதில் சரியாகப் பொரிக்காது. வாளியின் வாயைக் கொசுவலையால் இறுகக் கட்ட வேண்டும். இதற்குக் காரணம் இரண்டு. கட்டாவிட்டால் கொசு முட்டையிட்டுச் சுகாதார ஆய்வாளர் தலைமையாசிரியரைத் தேடி வருவார். அதைவிட முக்கியம், உள்ளே ஏதாவது உயிர் தோன்றினால் அது மண்ணிலிருந்து வந்ததா, வெளியிலிருந்து வந்ததா என்ற கேள்விக்கு வலை பதில் சொல்லும்.

முதல் இரண்டு நாள் கலங்கல் தண்ணீர் மட்டும்தான். பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, பச்சை மண் வாளியில் புள்ளி புள்ளியாக ஏதோ துள்ளும். நீர்த்தெள்ளு. அப்புறம் தினையளவு இரட்டை ஓட்டுக்குள் இருந்துகொண்டு உருண்டோடும் ஓட்டுடலிகள். வாளியில் அதிர்ஷ்டம் இருந்தால், ஒரு வாரம் பத்து நாளில் தேவதை இறாலும் தெரியும். தமிழ்நாட்டு மழைக்குட்டைகளில் காணப்படும் ஸ்ட்ரெப்டோசெபாலஸ் இனம். விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம், ஊடுருவித் தெரியும் உடம்பு, மல்லாந்து நீந்தும். அதை ஒரு கண்ணாடிக் குடுவைக்கு மாற்றி, ஆய்வக சன்னல்களை அடைத்துவிட்டு, செல்போன் விளக்கைக் குடுவைக்கு அடியில் வைத்தால் சட்டென்று புரண்டு முதுகு மேலாக நீந்தத் தொடங்கும். விளக்கை மேலே கொண்டுவந்தால் மறுபடி மல்லாந்துவிடும். வெளிச்சம் எந்தப் பக்கமோ, வயிறு அந்தப் பக்கம். கடைசி பெஞ்சுப் பையன்கள் பெல் அடித்த பிறகும் நகராமல் நிற்கிற ஒரே பாடம் இதுதான்.

வறுத்த மண் வாளியில் ஒன்றும் வராது. "வறுத்ததுல ஒண்ணுமே வரலை டீச்சர்" என்று குறை சொல்வதுபோல வந்து நிற்பார்கள். வராததும் ஒரு முடிவு என்பதை அன்றைக்குத்தான் சொல்லித்தர முடியும். மண்ணில் இருந்தது உயிரோடு இருந்த முட்டை. வெறும் மண்ணிலிருந்து உயிர் முளைக்கவில்லை. கண்மாய் வற்றும் காலத்தில் இந்தச் சிற்றுயிர்கள் தடித்த ஓடு கொண்ட முட்டைகளை மண்ணில் விட்டுச் செத்துப்போகின்றன. உள்ளே கரு பாதி வளர்ந்த நிலையில் நின்றுவிடுகிறது. சித்திரை வெயிலையும் தாங்கும், ஒரு வருடம் மழை பொய்த்தாலும் தாங்கும். ஒரே மழைக்கு எல்லா முட்டையும் பொரித்துவிடாது என்பதுதான் இதில் சாமர்த்தியம். ஏமாற்றுகிற கோடை மழைக்குப் பொரித்தவை மாண்டாலும், மிச்சம் அடுத்த மழைக்குக் காத்திருக்கும். அந்த நத்தையோ தண்ணீரில் போட்டுக் கொஞ்ச நேரத்தில் தகட்டைத் திறந்து ஊரத் தொடங்கிவிடும். அதற்குச் செவுளும் உண்டு, நுரையீரல் போன்ற பையும் உண்டு.

1935இல் ஆர்தர் டான்ஸ்லி என்ற பிரிட்டிஷ் தாவரவியலாளர் சூழல்மண்டலம் என்ற கருத்தை முன்வைத்தபோது வலியுறுத்தியது, உயிருள்ளவற்றை மண்ணிலிருந்தும் தட்பவெப்பத்திலிருந்தும் பிரித்துப் பார்க்கக் கூடாது, எல்லாம் சேர்ந்துதான் ஒரு மண்டலம் என்பதை. மனப்பாடமாக எழுதினால் இது இரண்டு மதிப்பெண் வினா. வாளிக்கு முன்னால் நிற்கும்போது விளக்கமே வேண்டியதில்லை.

புத்தகத்துக் குளத்துக்கு அடுக்குகள் உண்டு: கரையோரம், வெளிச்சம் படும் திறந்த நீர், வெளிச்சம் எட்டாத ஆழம். எங்கள் கண்மாயில் மூன்றாவது அடுக்குக்கு இடமே கிடையாது. பெருகி மறுகால் போகும்போதும் உள்வாயில் பெரும்பகுதி நெஞ்சளவைத் தாண்டாது. ஆனால் புது வெள்ளம் வந்த சமயத்தில் ஒரு முழத்துக்குக் கீழேயே வெளிச்சம் இருக்காது, அவ்வளவு கலங்கல். இதை அளக்க செக்கி தட்டு என்று ஒன்று உண்டு. 20 செ.மீ. குறுக்களவு, நான்கு கால்பங்காகக் கறுப்பு வெள்ளை. நாங்கள் தகரத்தில் வெட்டிப் பெயின்ட் அடித்து, நடுவில் கயிறும் அடியில் ஒரு நட்டும் கட்டி இறக்குவோம். தட்டு கண்ணுக்கு மறைகிற ஆழத்தைக் கயிற்றில் குறித்துக்கொள்வதுதான் அளவீடு. கார்த்திகையில் சாண் ஆழத்திலேயே மறைந்துவிடும். தையில் களி படிந்து, வேலம்பாசி படர்ந்த பிறகு தரையே தெரியும். வெளிச்சம் எவ்வளவு ஆழம் போகிறதோ, அவ்வளவு ஆழத்தில்தான் உற்பத்தியாளர்கள் உற்பத்தி செய்ய முடியும். இந்த வாக்கியத்தை நான் சொல்லுமுன் ஒரு பிள்ளையாவது சொல்லிவிடும்.

ஆக்சிஜன் அளவீடு இன்னும் நல்ல பாடம். ஆனால் அதற்குக் கெமிஸ்ட்ரி சாரின் தயவு வேண்டும். விங்க்ளர் முறைக்கான மருந்துகள் எல்லாம் அவர் அலமாரியில்தான் இருக்கும். கண்ணாடி மூடி போட்ட பாட்டிலைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, குமிழி ஒன்றும் தங்காமல் நிரப்ப வேண்டும். அதில் மாங்கனீசு சல்பேட்டும், காரம் கலந்த அயோடைடும் விட்டு மூடிக் குலுக்கினால் வீழ்படிவு இறங்கும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. பிறகு அமிலம் விட்டுக் கரைத்து, தயோசல்பேட்டால் தரம் பார்த்து, கடைசியில் ஸ்டார்ச்சின் நீலம் மறையும் இடத்தில் நிறுத்த வேண்டும். அமிலத்தை ஆசிரியர் கைதான் தொட வேண்டும். நான் எண்ணைவிட நிறத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். ஒரே இடத்தில் விடியற்காலையில் பிடித்த பாட்டிலையும் பிற்பகலில் பிடித்த பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், முன்னது வெளிறி நிற்கும், பின்னது அடர் பழுப்பாக இருக்கும். பாசி பகலெல்லாம் ஆக்சிஜன் விடுகிறது. ராத்திரியில் அந்தப் பாசியும் மீனும் சேற்று நுண்ணுயிரும் சேர்ந்து அதையே எடுத்துக்கொள்கின்றன. விடியும்போது கையிருப்பு மிகக் குறைவு.

இந்தக் கணக்கு ஊரில் ஏற்கெனவே தெரிந்ததுதான். கண்மாய்க் குத்தகை எடுத்தவரின் ஆள் ஒருவர், மூட்டம் போட்டுக் காற்றில்லாத நாட்களில் விடியுமுன்பே கரைக்கு வந்துவிடுவார். "ராவெல்லாம் புழுங்குச்சுல்ல டீச்சரம்மா, மீனு வாயப் பொளந்துகிட்டு மேல நிக்கும்" என்பார். அப்படியே நிற்கும், கெண்டையும் கட்லாவும். விரால், தேளி, பனையேறிக் கெண்டைக்கு மட்டும் கவலை இல்லை. அவை மேலே வந்து காற்றையே சுவாசிக்கக் கூடியவை. முதல் நாள் வெயிலில்லை, பாசி வேலை செய்யவில்லை, ராத்திரி செலவு மட்டும் வழக்கம்போல நடந்துவிட்டது. அவர் சொன்னதையும் பாட்டிலின் நிறத்தையும் சேர்த்து ஒரு பிள்ளை நோட்டில் எழுதிவிட்டால், ஒளிச்சேர்க்கையும் சுவாசமும் பற்றி அதற்குமேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆற்றல் பிரமிடுக்கு வருகிறேன். இங்கே மீன் மார்க்கெட்டைத்தான் துணைக்கு அழைப்பேன். ஒரு கிலோ விரால் உருவாக ஏறத்தாழ பத்து கிலோ சிறு மீன், அதற்கு நூறு கிலோ நுண்விலங்கு, அதற்கு ஆயிரம் கிலோ பாசி. ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒரு பங்குதான் மேலே ஏறுகிறது. மீதி சுவாசத்திலும் அசைவிலும் கழிவிலும் போகிறது. கட்லா நேரடியாக நுண்விலங்குகளைத் தின்பது, ஆகவே கீழ்ப்படியில் இருப்பது. விரால் விலை ஏன் கூடுதல் என்பதற்குச் சந்தைக் காரணங்களும் உண்டு என்றாலும், ஒரு கண்மாயில் விரால் ஏன் கொஞ்சமாகத்தான் கிடைக்கும் என்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

இந்தப் பத்து விழுக்காடு விதியோடு சேர்த்துச் சொல்லப்படும் ரேமண்ட் லிண்ட்மேனைப் பற்றிச் சொல்லாமல் நான் பாடத்தை முடிப்பதில்லை. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் சீடார் பாக் என்ற சின்னஞ்சிறு ஏரியைப் பல ஆண்டுகள் மனைவியோடு சேர்ந்து ஆராய்ந்தவர். ஏரியில் வாழும் எல்லாவற்றையும் யார் யாரைத் தின்கிறார்கள் என்று பார்ப்பதோடு நில்லாமல், ஆற்றல் எவ்வளவு எங்கே போகிறது என்று கணக்குப் போட்டார். அவர் கட்டுரையை முதலில் இரண்டு நடுவர்கள் வேண்டாமென்று தள்ளினார்கள். ஏல் பல்கலைக்கழகத்து ஹட்சின்சன் வாதாடிய பிறகுதான் ஏற்கப்பட்டது. 1942இல் அச்சில் வருமுன் லிண்ட்மேன் ஈரல் நோயால் இறந்துபோனார். வயது 26. அவர் வரைந்த படத்தின் நடுவில் இருந்தது புல்லும் அல்ல, பருந்தும் அல்ல, ஏரியின் அடிச்சேறு. செத்தது, உதிர்ந்தது, எச்சம் எல்லாம் அங்கே வந்து சேர்ந்து அங்கிருந்து மறுபடி கிளம்புகிறது. நம் பாடப் படங்களில் சிதைப்பவை ஓரத்தில் ஒரு கட்டத்துக்குள் ஒதுங்கி நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்.

பிள்ளைகள் எப்போதும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. நீர்நிலையில் உயிர்த்தொகையின் எடையை எடுத்தால் பிரமிடு தலைகீழாக நிற்கும் என்கிறது புத்தகம். பாசி குறைவு, அதைத் தின்பவை அதிகம். குறைவானது அதிகமானதற்கு எப்படிச் சோறு போடும்? பெட்டிக்கடையைப் பாருங்கள் என்பேன். கடையில் எந்த நேரத்திலும் இருக்கிற சரக்கு கொஞ்சம்தான், ஒரு மாத விற்றுமுதல் அதைப்போலப் பல மடங்கு. நுண்பாசி ஓரிரு நாளில் இரட்டிக்கும், அதே வேகத்தில் தின்னப்படும். நாம் எடை போடுவது அந்த நொடியில் கடையில் இருக்கும் சரக்கை. ஆற்றல் பிரமிடு மட்டும் ஒருநாளும் தலைகீழாகாது, ஏனென்றால் அது விற்றுமுதல் கணக்கு.

பறவைகளைப் பற்றி நிறைய எழுத ஆசைதான். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் இரண்டும் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன; இரண்டுமே மழைத்தண்ணீரை நம்பிய, கோடையில் வற்றுகிற கண்மாய்கள். உலகப் பட்டியலில் இருக்கிற சதுப்புநிலம் ஜூன் மாதம் பொட்டலாகக் கிடக்கும் என்பதைப் பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள். நத்தைகுத்தி நாரை நத்தையை நம்பியது. கூழைக்கடா மீனை நம்பியது. அவற்றின் எச்சம் தண்ணீரில் விழுந்து, மடை வழியாக வயலுக்குப் போகிறது. எச்சம் கரைந்த தண்ணீர் பாய்ந்த வயலுக்கு உரம் குறைத்தே போடுவோம் என்று பறவைக் கண்மாய்ப் பாசன விவசாயிகள் சொல்வதுண்டு.

மாசி, பங்குனியில் தண்ணீர் கடைசிப் பள்ளத்துக்கு ஒதுங்கும்போது ஊரே ஊத்தாவும் கச்சாவுமாக இறங்கும். மீன்பிடித் திருவிழா. அதோடு கண்மாய் முடிந்தது என்று நினைப்போம். அடுத்த வேலை அப்போதுதான் தொடங்குகிறது. தண்ணீருக்கு அடியில் காற்றுப் படாமல், அழுகிய முட்டை நாற்றத்தோடு கறுத்துக் கிடந்த சேறு வெடித்துப் பிளக்கிறது. பிளவு வழியே ஆக்சிஜன் இறங்குகிறது. மாதக்கணக்கில் மக்காமல் கிடந்தது வேகமாக மக்குகிறது. மேலே முளைத்த புல்லை ஆடு மாடு மேய்ந்து சாணமும் புழுக்கையும் போடுகின்றன. பிறகு முதல் மழை. காய்ந்த மண் நனைந்ததும் நுண்ணுயிர்களின் வேலை ஒரேயடியாக எகிறிச் சத்துகள் வெளிப்படும். கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றிய பிர்ச் என்ற மண்ணியலாளர் 1958இல் இதை விரிவாக எழுதினார். இன்றும் அவர் பெயரால்தான் இந்த விளைவைக் குறிப்பிடுகிறார்கள். மீன் வளர்ப்பவர்கள் குஞ்சு விடுமுன் குளத்தை வெடிப்பு விடும்வரை காயப்போடுவதும் இதே கணக்கில்தான்.

கோடையில் வண்டலும் கரம்பையும் அள்ளி வயலில் கொட்டுவது நம் பக்கத்துப் பழைய வழக்கம். வயலிலிருந்து மழையில் அரித்து வந்தது வயலுக்கே திரும்புகிறது. பொருள் சுற்றும், ஆற்றல் சுற்றாது என்று புத்தகம் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை. மண் வண்டியில் திரும்புகிறது. பாசி பிடித்த வெயில் வெப்பமாகப் போனது போனதுதான்.

ஆனால் மாட்டுவண்டிக் காலத்து வண்டல் வேறு, இன்று பொக்லைன் வைத்து ஆளுயரத்துக்குத் தோண்டுவது வேறு. மேலே இரண்டு விரல் கனத்தில்தான் முட்டையும் விதையும் நத்தையும் இருக்கின்றன. அதைச் சுரண்டி லாரியில் ஏற்றிவிட்டு, கீழே தண்ணீர் நின்றால் போதும் என்று நினைப்பது எனக்கு உடன்பாடில்லை. "வருசம் பூரா தண்ணி நிக்கணும்" என்று சொல்லி, சுற்றிலும் கான்கிரீட் சுவரும் நடைபாதையும் போட்ட நகரத்துக் குளங்களையும் பார்த்திருக்கிறேன். வற்றாத தண்ணீரில் ஆகாயத்தாமரையும் ஜிலேபிக் கெண்டையும் செழிக்கும். ஜிலேபி 1950களில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன்; வற்றிக் காய்கிற கண்மாயில் அதன் கொட்டம் ஆண்டுக்கொரு முறை அடங்கும். தூர்வாருதல் வேண்டாம் என்று சொல்லவில்லை. வரத்துக்கால் அடைபட்டுக் கிடக்கும் கண்மாய்க்கு உள்வாயைத் தோண்டிப் பயனில்லை. முதலில் வாய்க்காலைத் திறக்க வேண்டும்.

கண்மாய்ப் பக்கத்துப் பள்ளிகளில் வேலை பார்க்கும் இளம் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜூனிலேயே மண் எடுத்துக் காய்ந்த சாக்கில் கட்டி வைத்துவிடுங்கள். மழை வரும்வரை கெடாது, எப்போது பாடம் வருகிறதோ அப்போது தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம். வாளி, கொசுவலை, தகரம், கயிறு, கெமிஸ்ட்ரி சாரின் நல்ல மனசு, இவை போதும். மழைக்குப் பிறகு கண்மாய்க்குக் கூட்டிப்போவதாக இருந்தால் பெற்றோர் கையெழுத்தும், ஊரில் நன்றாக நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவரும் கட்டாயம். கரையிலிருந்து முழங்கால் ஆழத்துக்கு மேல் ஒரு பிள்ளையும் இறங்கக் கூடாது. மண் அள்ளிய குழிகள் தண்ணீர் நிறைந்த பிறகு வெளியே தெரியாது. எந்த இடத்தில் குழி இருக்கிறது என்பதைக் காய்ந்து கிடக்கும்போதே பிள்ளைகளோடு நடந்து வரைபடமாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.